நாவலர் டெமாஸ்தனீஸும் பிலிப்பு மன்னனும்

ஒரு நாட்டை நடத்துந் தலைவர், தம் பகைநாட்டுத் தலைவரோடு பலரறிய எதிர்நின்று வாதிடுதல் தகுமோ, தகாதோ என்னும் வினா அடிக்கடி எழுவதொன்றாகும். 1959-ஆம் ஆண்டிலே மாஸ்கோ நகரத்தில் நடைபெற்ற அமெரிக்கப் பொருட்காட்சியில், மாதிரிச் சமையலறை யொன்றன் முன் நின்றவண்ணமே ருஷியத் தலைவர் குருஷ்சேவும் அமெரிக்கத் துணைத்தலைவர் நிக்ஸனும் சொற்போர் புரிந்தனர். 2003-ஆம் ஆண்டில் ஈராக்கின் தலைவர் சதாம் உசேனும், 2006-ஆம் ஆண்டில் ஈரானின் தலைவர் அகமதிநிஜாதும் அமெரிக்கத் தலைவரைத் தொலைக்காட்சியிலே தம்மோடு வாதிட வருமாறு அழைத்தனர், அழைப்பு ஏற்கப்பெறவில்லை. ஏலாமை அச்சத்தின் அறிகுறி என்பார் சிலர். ஏற்றல் பகைவனுக்கு நாமே மேடை அமைத்துக் கொடுத்தலாம் என்பார் வேறு சிலர். நம் கல்லூரிப் பேச்சுக் கழகத்தில் ஒரு மாலைப்பொழுதில் இதனை வாதித்து, இறுதியில் கையெண்ணி முடிவு செய்துவிடலாம். ஆனால் இவ்வினாவைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியிலே, தம் நகரத்தின் உயிரையும் தம்முயிரையும் பணயமாக வைத்து ஆராய்ந்தவர் ஒருவர் உளர். அவர் அத்தேனே நகரத்து நாவலராகிய டெமாஸ்தனீஸ். அவருடைய சரிதையை இவ்வினாவைக் கருத்தில் வைத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

டெமாஸ்தனீஸ் கி. மு. 384-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையின் பெயரும் அதுவே. தந்தையார் வாளும் கத்தியும் செய்யும் பட்டறை யொன்றும், கட்டில் செய்யும் பட்டறை யொன்றும் உடைய செல்வர். மைந்தர்க்கு ஏழு வயதாயிருக்கையிலே அவர் இறந்தார். ஏறக்குறைய பதினான்கு தாலந்து மதிப்புள்ள சொத்து மூன்று பாதுகாவலர் கையிற் சேர்ந்தது. அவர்கள் அதிற் பெரும்பகுதியை விழுங்கிவிட்டனர். இளைஞர் பருவமெய்தியவுடன் இசேயஸ் என்னும் வழக்கறிஞரிடம் பயின்று, பாதுகாவலர்மீது வழக்குத் தொடுத்து வென்றார். தீர்ப்புக் கிடைத்ததேயன்றிப் பணம் சிறிதளவே கிடைத்தது. சொல்லினால் வெல்லுதல் ஒன்று, வென்றதைக் கையிற் பெறுதல் மற்றொன்று என்பதை அவர் இருபது வயதிலேயே கண்டார்.

அவர் வாயிற் கூழாங்கற்களை அடக்கிப் பேசிப் பழகியதும், கடலலையின் இரைச்சலுக்கெதிரே முழங்கியதும், வெளியே செல்ல மனம் நாடாதிருத்தற்பொருட்டுத் தலையில் ஒருபாதியைச் சிரைத்துக்கொண்டு நிலவறையில் அடைந்து கிடந்ததும் பள்ளிப் பாடப்புத்தகங்களால் யாவரும் அறிந்தவை. புளூட்டார்க் என்னும் சரித்திர ஆசிரியர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிவைத்த செய்திகள் அவை. அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. நமக்கு வேண்டுவது ஒன்றே: இயல்பாய் ஊற்றெடுக்கும் நா அவர்க்கு வாய்க்கவில்லை. ஆயத்தமின்றி எழுந்து பேச அவர் விரும்பார்; எழுதி, திருத்தி, மனத்தில் ஏற்றிக்கொண்டே மேடை ஏறுவார். விளக்கெண்ணெய் நாற்றம் அவர் பேச்சில் வீசுகின்றதென்று எதிரிகள் எள்ளினர். இக்குறை பின்னர் ஒருநாள் அவரை எவ்வாறு வீழ்த்திற்றென்பதை விரைவிற் காண்போம்.

அக்காலத்து அத்தேனே நகரத்தில் அரசியற் காரியம் அனைத்தும் பினிக்ஸ் என்னுங் குன்றின்மேற் கூடும் பொதுச்சபையிலே தீர்மானிக்கப்பட்டது. யுத்தமும் சமாதானமும், கப்பல் விடுத்தலும் தூது அனுப்புதலும், எல்லாம் ஆயிரக்கணக்கான குடிகளின் முன்னிலையிலே பேசப்பட்டுக் கையுயர்த்தி முடிவு செய்யப்பட்டன. அயல்நாட்டுத் தூதர் வரினும் அச்சபையின் முன்னரே நின்று பேசுதல் வேண்டும். அவர்க்கு மறுமொழி கூற விரும்பும் குடிமகன் எவனும் எழுந்து கூறலாம். எனவே, பகைவரோடு பலரறிய வாதிடலாமோ என்னும் வினாவுக்கே அங்கு இடமில்லை. மக்களாட்சி அம்முறையையே தன் உயிர்நிலையாகக் கொண்டிருந்தது.

வடதிசையில் இதற்கு நேர்மாறான அரசொன்று தலையெடுத்தது. கி. மு. 359-ஆம் ஆண்டில் மக்கெதோனியாவின் ஆட்சியை ஏற்ற பிலிப்பு, இருபத்து மூன்று வயதினன். இளமையில் தீப்ஸ் நகரத்திற் பிணையாளாக வைக்கப்பட்டு, அந்நகரத்தார் போர் செய்யும் முறையை அருகிருந்து கண்டவன். 357-இல் அம்பிபோலியைப் பிடித்தான். பின்னர்ப் பித்னா, பொத்திதேயா, மெத்தோனி என ஒவ்வொன்றாக விழுங்கினான். மெத்தோனி முற்றுகையிலே ஒரு கண்ணை இழந்தான். ஆயினும் ஊர் அவன் வசமாயிற்று. பவுல் அப்போஸ்தலரின் நிருபத்தால் நாம் அறிந்த பிலிப்பி பட்டணம் இவன் பெயரால் அமைந்ததேயாம். இவனே அரசன், இவனே படைத்தலைவன், இவனே பொக்கிஷதாரி. எண்ணியதை எவர்க்கும் உரைக்க வேண்டுவதில்லை. உரைத்ததைச் செய்ய வேண்டுவதுமில்லை. அத்தேனே நகரத்தார் கூடிப் பேசித் தீர்மானம் இயற்றிக் கப்பலைக் கடலில் தள்ளுமுன் அச்செய்தி அவன் அரண்மனைக்கு எட்டிவிடும்.

351-ஆம் ஆண்டில் டெமாஸ்தனீஸ் முதன்முதல் இவனைக் குறித்து முழங்கினார். மூன்றாண்டுக்குப்பின் ஒலிந்தஸ் நகரம் வீழ்ந்து தரைமட்டமாயிற்று. அந்நகரத்திற்கு உதவுமாறு அவர் மூன்று பிரசங்கங்கள் செய்தும், உதவி காலந்தாழ்த்தே சென்றது. இப்பிரசங்கங்கள் யாவும் பிலிப்புக்கு எதிரானவையேயன்றிப் பிலிப்பின் எதிரே நிகழ்த்தப்பட்டவை யல்ல. பிலிப்பு ஒருநாளும் பினிக்ஸ் குன்றின்மேல் ஏறினானல்லன். தூதரையும் கடிதத்தையுமே அனுப்பினான். அவற்றைவிட மிகுதியாகப் பொன்னை அனுப்பினான் என்பர்.

இருவரும் ஓரிடத்தில் எதிர்ப்பட்டது 346-ஆம் ஆண்டிலேதான். போரினால் களைத்த அத்தேனே நகரத்தார் சமாதானம் பேசப் பதின்மர் அடங்கிய தூதுக்குழுவைப் பெல்லா நகரத்துக்கு அனுப்பினர். பிலாக்ரட்டீஸ், ஈஸ்கினீஸ், டெமாஸ்தனீஸ் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். ஈஸ்கினீஸ் முன்னர் நாடகமேடையில் நடித்தவர்; குரலும் தோற்றமும் வாய்ந்தவர்; பின்னாளில் டெமாஸ்தனீஸின் தீராப் பகைவர். வழியெல்லாம் டெமாஸ்தனீஸ், தாம் பேசத் தொடங்கினால் பிலிப்பின் வாயை நாணற்புல் கொண்டு தைத்துவிடுவதாக வீறு பேசி வந்தாராம். வயது முறைப்படி ஒவ்வொருவராக மன்னன் முன் பேசினர். இளையவராகிய அவர் இறுதியில் எழுந்தார். சபை முழுவதும் ஆவலோடு செவி சாய்த்தது. அவர் இருள் சூழ்ந்த முன்னுரை யொன்றைத் தொடங்கிச் சில சொற்கள் கூறினார், தடுமாறினார், வாயடைத்து நின்றார். மன்னன் இகழ்ந்தானல்லன். அஞ்ச வேண்டா வென்றும், இஃது அரங்கமன்று, மறந்ததை மெல்ல நினைந்து சொல்லலாமென்றும் தேற்றினான். மீண்டும் முயன்றார், மீண்டும் நா எழவில்லை. தூதர் வெளியே செல்லலாமென அரண்மனைக் கட்டியக்காரன் அறிவித்தான்.

இக்கதையைச் சொன்னவர் ஈஸ்கினீஸ் ஒருவரே என்பதை நாம் மறத்தலாகாது. பகைவர் வாய்ச்செய்தியைப் பாதி கழித்துக் கொள்ளல் முறை. எனினும் அடியோடு பொய்யென்று தள்ளுதற்கும் இயலவில்லை. உடன்சென்ற தூதர் உயிரோடிருக்கையிலேயே நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்ட செய்தி இது. ஆயிரக்கணக்கானோர் முன் அஞ்சாத நாவலர் ஒரு மன்னன் முன் ஊமையானதேன்? ஆயத்தம் செய்த பேச்சு கைவிட்டமை ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டென்று நினைக்கின்றேன். பினிக்ஸ் குன்றின்மேல் எதிரி வேறு, நடுவர் வேறு. வாதத்தால் எதிரியை மாற்ற வேண்டுவதில்லை. கேட்டிருக்கும் நடுவரை மாற்றினாற் போதும். பெல்லாவிலோ எதிரியும் நடுவரும் பிலிப்பு ஒருவனே. அவன் மனத்தில் முடிவு முன்னரே இருந்தது. அங்கு வாதத்திற்கு வேலையே இல்லை. குழுவிற் பிழையின்றிப் பேசிய ஒன்பதின்மர் தாம் என்ன பெற்று வந்தனர்? அம்பிபோலி கிடைக்கவில்லை. அவரவர் கைப்பற்றியதை அவரவரே வைத்துக்கொள்வதென்னும் சமாதானமே கிடைத்தது. சமாதானப் பிரமாணம் வாங்க இரண்டாந் தூது சென்று சேருமுன் மன்னன் திராக்கியாவிற் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டான். அதன்பின் தெர்மாப்பிலே கணவாயைக் கடந்து போக்கிஸ் நாட்டை அடக்கினான்.

அப்பொழுது அத்தேனே நகரத்தார் கொதித்தெழுந்து உடன்படிக்கையை முறிக்க முற்பட்டனர். அவர்களை அடக்கினவர் டெமாஸ்தனீஸே என்பது பலர் கவனியாத செய்தி. கிரேக்கர் பலரும் பிலிப்போடு சேர்ந்து நிற்கையில் தனித்துப் போர் தொடுத்தல் அறிவின்மையென்று அவர் எடுத்துரைத்தார். ஓயாது போர்ப்பறை முழக்கிய வெறியர் என அவரைச் சிலர் எழுதுவது நேர்மையன்று.

பெல்லாவில் நேர்ந்தது அவரை மாற்றிற்று. பிலிப்பை நோக்கிப் பேசுவதை விடுத்து, பிலிப்பின் பேச்சைக் கேட்கும் பிறரை நோக்கிப் பேசத் தலைப்பட்டார். 344-இல் பெலப்பனீசு நாட்டுக்குச் சென்று ஆர்கோஸ், மெஸ்ஸீனி முதலிய நகரத்தாரிடம் ஒலிந்தஸின் கதியை எடுத்துக் காட்டினார். அவர்கள் ஆரவாரித்துக் கைதட்டினர். பின்னர்ப் பிலிப்பின் நட்பையே தழுவினர். இதனை அவர் அத்தேனே சபையிலே தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். கைதட்டலைக் கணக்கில் வைக்கும் மாணவப் பேச்சாளர் இவ்விடத்தைச் சிறிது நின்று படித்தல் நலம்.

இப்பேச்சுக்களைக் கேட்டுப் பிலிப்பு வாளாவிருந்தானல்லன். 343-ஆம் ஆண்டளவில் பைசாந்திய நகரத்துப் பித்தோன் என்பவனைத் தன் தூதனாக அத்தேனேக்கு அனுப்பினான். பித்தோன் ஐசாக்ரட்டீஸ் என்னும் பேராசிரியரிடம் பயின்ற சொல்வல்லான். பிலிப்பின் கூட்டாளிகளாகிய கிரேக்க நாடுகளின் தூதரும் உடன் வந்தனர். தன் அரசன் அத்தேனேயின் நட்பையே விரும்புகின்றான், உடன்படிக்கையிற் குறையிருப்பின் திருத்தலாம், ஆனால் அவனைத் தூற்றுவாரை அடக்குங்கள் என்பது அவன் பேச்சின் சாரம். சபை மயங்கிற்று. வெள்ளம்போற் பெருகிய அப்பேச்சுக்கு எதிரே தாம் பின்வாங்காது நின்று விடையிறுத்ததாகவும், பிலிப்பின் கூட்டாளிகளே எழுந்து தம் கூற்றை உண்மையென ஒப்பினரென்றும் டெமாஸ்தனீஸ் பின்னர்ப் பெருமிதத்தோடு கூறிக்கொண்டார். பெல்லாவிற் கட்டுண்ட நா பினிக்ஸ் குன்றில் வென்றது.

வென்றபின் விளைந்ததென்ன? திருத்தம் கேட்கலாமென்று பித்தோன் கூறியதைப் பற்றிக்கொண்டு, தத்தமக்குரியதைத் தத்தமக்கே விடுதல் வேண்டுமென்னும் திருத்தத்தைச் சபை இயற்றிற்று. அஃதாவது அம்பிபோலியைத் திருப்பித் தரவேண்டும் என்பதாம். பிலிப்பு அதற்கு ஒருநாளும் இசையான் என்பதை யாவரும் அறிவர். அவன் மறுத்தான், தூதரைக் கடிந்தனுப்பினான். இக்காலத்துச் சரித்திர ஆராய்ச்சியாளருள் ஒரு சாரார், பிலிப்பு அப்பொழுது மெய்யாகவே இணக்கத்தை நாடினான், பாரசீகத்தின்மேற் படையெடுக்க எண்ணியவனுக்கு அத்தேனேயின் கப்பற்படை துணையாக வேண்டியிருந்தது, டெமாஸ்தனீஸ் வாதத்தில் வென்று ஒரு வாயிலை அடைத்துவிட்டார் என்பர். இக்கூற்றைப் புறக்கணித்தற்கில்லை. மறைவில் இருவர் மூவர் கூடிப் பேசினால் விட்டுக்கொடுக்கத்தக்க தொன்றை, பதினாயிரம் பேர் கேட்டிருக்கையில் விட்டுக்கொடுத்தல் அரிது. மேடையேறி வாதிடுபவன் தோற்றல் கூடாது. தோற்றல் கூடாதவன் இணங்குதலுங் கூடாது. பலரறிய வாதிடுதலில் உள்ள பெருங்குறை இதுவே. பித்தோனை எதிர்த்ததில் டெமாஸ்தனீஸ் பிழை செய்தாரென்று நான் துணிந்து கூறேன். பிலிப்பு வாக்களித்து மறந்தவை பல. ஆயினும் அந்நாள் வெற்றியைக் குறையற்ற வெற்றியென எழுதுதற்கும் மனம் இசையவில்லை.

340-இல் பிலிப்பு பெரிந்தஸையும் பைசாந்தியத்தையும் முற்றுகையிட்டான். கருங்கடலிலிருந்து தானியம் ஏற்றிவந்த கப்பற்கூட்டத்தைக் கவர்ந்தான். அத்தேனே நகரத்தார் சமாதான உடன்படிக்கை பொறித்த கல்லைத் தகர்த்தனர். 339-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் மாலை, பிலிப்பு எலாத்தியா நகரைப் பிடித்துவிட்டான் என்னும் செய்தியோடு தூதன் ஒருவன் ஓடிவந்தான். எலாத்தியாவிலிருந்து தீப்ஸ் நாட்டின் வழியே அத்தேனே இரண்டு மூன்று நாட் பயணம். நகரத் தலைவர்கள் இராப்போசனத்தை இடையிலே விட்டெழுந்தனர். கடைத்தெருவிலுள்ள கடைகள் அப்புறப்படுத்தப்பட்டன. எக்காளம் ஊதுவோன் அழைக்கப்பட்டான். விடியலிற் பொதுச்சபை கூடிற்று. பேச விரும்புவார் யார் என்று கட்டியக்காரன் கேட்டான், எவரும் எழவில்லை. பன்முறை கேட்டான், படைத்தலைவர் இருந்தனர், நாவலர் இருந்தனர், ஒருவரும் எழவில்லை. டெமாஸ்தனீஸ் எழுந்தார்.

அவர் கூறியது இது. தீப்ஸ் நகரத்தார் நம் பழம்பகைவர், பிலிப்பின் கூட்டாளிகள். எனினும் பிலிப்பின் செய்கை அவர்கள் எல்லாரையும் தன்பால் ஈர்த்துவிடவில்லை. நாம் அவர்களிடம் ஒன்றும் கேளாமல் உதவி தருவதாகச் சொல்லித் தூது செல்வோம். சபை இசைந்தது, தூதருள் ஒருவராக அவரே புறப்பட்டார்.

அவர் தீப்ஸ் நகரத்தை அடைந்தபொழுது மன்னனுடைய தூதரும் அங்கே வந்திருந்தனர். ஒரே சபையில், ஒரே நகரத்தாரின் முன், இரு திறத்தாரும் வாதிடவேண்டியதாயிற்று. கூட்டாளிகளாதலின் பிலிப்பின் தூதரே முதலிற் பேசினர். தங்கள் அரசன் தீப்ஸுக்குச் செய்த நன்மைகளை அடுக்கினர். அத்தேனே முன்னாளிற் செய்த தீமைகளை நினைவூட்டினர். தங்களோடு சேர்ந்து அத்தேனேமேற் படையெடுத்தால் கொள்ளையிற் பங்கு கிடைக்கும். அன்றேல் வழியேனும் விடுங்கள். மறுத்தால் போர் உங்கள் நாட்டிலேயே நிகழும் என்றனர். பிலிப்பின் சேனை அருகில் நின்றது. அச்சமும் ஆசையும் ஒருபக்கத்தில் இருந்தன. மறுபக்கத்தில் ஒரு மனிதரின் சொல்லே இருந்தது.

அன்று டெமாஸ்தனீஸ் பேசிய பேச்சு நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பேச்சுக்கள் பல எழுத்தில் நின்று இன்றளவும் கற்கப்படுகின்றன. அவர் வாழ்க்கையிலே பெரும்பயன் விளைத்த அவ்வொரு பேச்சு மட்டும் காற்றோடு போயிற்று. வெறுஞ்சொல்லை மட்டும் அவர் கொண்டுசென்றாரல்லர். நிலப்போரின் செலவில் மூன்றிலிரண்டு பங்கையும், கடற்போரின் செலவு முழுவதையும் அத்தேனே ஏற்கும் என்றும், பியோத்தியா நாட்டில் தீப்ஸின் தலைமையை ஒப்பும் என்றும் உறுதி வழங்கப்பட்டது. சொல்லும் பொருளும் சேர்ந்து வேலை செய்தன. தீப்ஸ் நகரத்தார் பிலிப்பைக் கைவிட்டு அத்தேனேயோடு சேர்ந்தனர். பல தலைமுறைப் பகை ஒருநாளில் நீங்கிற்று. பகைவனோடு பலரறிய வாதிடுதலாற் பயனில்லை என்பார்க்கு இதனினும் வலிய மறுப்பு வேறில்லை. தீர்மானிக்கும் உரிமையுடைய மூன்றாமவர் ஒருவர் கேட்டிருக்கையில், எதிரி பேச நாம் பேசாதிருத்தல் வழக்கை அவன் கையிற் கொடுத்துவிடுதலாம்.

338-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரோனியா வெளியிற் போர் நடந்தது. பிலிப்பு வென்றான். அத்தேனே நகரத்தாருள் ஆயிரவர் மடிந்தனர், இரண்டாயிரவர் சிறைப்பட்டனர். டெமாஸ்தனீஸும் படைவரிசையில் நின்றார். தோல்வியிற் பலரோடு ஓடினார் என எதிரிகள் இழித்துரைத்தனர். அன்றிரவு பிலிப்பு மதுமயக்கத்திற் பிணங்களிடையே நடந்து, டெமாஸ்தனீஸ் இயற்றிய தீர்மானத்தின் முதற்சொற்களைத் தாளமிட்டுப் பாடினானென்றும், மயக்கம் தெளிந்தபின், தன் அரசையும் உயிரையும் ஒருநாளின் சிறுபொழுதிலே பணயம் வைக்கச் செய்த அந்நாவலரின் ஆற்றலை நினைந்து நடுங்கினானென்றும் புளூட்டார்க் எழுதுகின்றார்.

வென்றவன் அத்தேனேயை மென்மையாகவே நடத்தினான்; சிறைப்பட்டோரை விலை வாங்காது விடுத்தான். தீப்ஸையோ கடுமையாய் ஒறுத்தான். கோட்டையில் தன் காவற்படையை நிறுத்தினான். 336-இல் பிலிப்பு தன் மகள் மணவிழாவிற் கொலையுண்டான். டெமாஸ்தனீஸ், தம் ஒரே மகள் இறந்து ஏழுநாள் நிறையுமுன்னரே, வெண்ணாடையும் மாலையும் அணிந்து சபைக்கு வந்து மகிழ்ந்தார். இது பெரியோர்க்கு அழகன்று என அக்காலத்தாரே கூறினர். நாமும் வேறு கூறுதற்கில்லை. அடுத்த ஆண்டில், மன்னன் அலெக்ஸாந்தர் இறந்தான் என்னும் பொய்ச்செய்தியை நம்பித் தீப்ஸ் நகரத்தார் கிளர்ந்தெழுந்தனர். டெமாஸ்தனீஸ் அவர்கட்குப் போர்க்கருவிகள் உதவினார். துணைப்படை அனுப்ப அத்தேனே தீர்மானித்தது. ஆனால் படை செல்லவில்லை. அலெக்ஸாந்தர் வடக்கிலிருந்து விரைந்து வந்து நகரத்தை அழித்தான். ஆறாயிரவர் கொல்லப்பட்டனர், முப்பதினாயிரவர் அடிமைகளாய் விற்கப்பட்டனர். பிந்தார் என்னும் கவிஞரின் வீடும் கோயில்களும் தவிர மற்றவையெல்லாம் இடிக்கப்பட்டன. அவ்வாண்டுகளில் அலெக்ஸாந்தரிடம் சென்ற தூதருள் ஒருவராக நியமிக்கப்பட்ட டெமாஸ்தனீஸ், கித்தேரோன் மலைவரை சென்று அஞ்சித் திரும்பிவிட்டார். பெல்லாவின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை போலும்.

330-ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கை முழுவதும் நீதிமன்றத்திலே நிறுக்கப்பட்டது. அவர்க்குப் பொன்முடி சூட்டுதல் வேண்டுமென டெசிபோன் என்பவர் முன்னர்க் கொணர்ந்த தீர்மானம் சட்டவிரோதமென்று ஈஸ்கினீஸ் வழக்காடினார். கேரோனியாவில் மாண்டோரையும் அழிந்த தீப்ஸையும் சுட்டி, இவரது நாவினால் விளைந்த கேடு இதுவன்றோ என வினவினார். டெமாஸ்தனீஸ் தம் செய்கையுள் ஒன்றையும் மறைத்தாரல்லர். வெற்றி தெய்வத்தின் கையிலுள்ளது, ஆலோசனை கூறுபவனை அவன் நோக்கத்தாலும் நேர்மையாலுமே அளத்தல் வேண்டும், முடிவு முன்னரே தெரிந்திருந்தாலும் அத்தேனே தன் முன்னோர்க்கேற்ப வேறொன்றும் செய்திருத்தல் இயலாது என்பது அவர் விடையின் கருத்தாம். தோல்வியைப் பெருமையாக மாற்றிய பேச்சு உலகில் இதுபோல் வேறுண்டோ என ஐயுறுகின்றேன். ஈஸ்கினீஸ் வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கும் பெறாது தோற்று, நகரை விட்டே நீங்கினார்.

ஆனால் அத்தீர்ப்பளித்த நீதிபதிகள் அனைவரும் அத்தேனே நகரத்தார். தீப்ஸ் நகரத்தார் ஒருவரும் அங்கு இருந்திலர். அவர்கள் அடிமைச் சந்தையில் விலைப்பட்டு ஐந்தாண்டாயிற்று. பகைவனை வாதத்தில் வென்றவர் அத்தேனேயார். அவ்வாதத்தைக் கேட்டு நம்பினவர் தீப்ஸ் நகரத்தார். விலை கொடுத்தவர் பெரும்பாலும் நம்பினவரே. இதனால் டெமாஸ்தனீஸ் தீப்ஸுக்குச் சென்றது தவறென்று ஆகாது. தீப்ஸ் நகரத்தாரும் தம் அறிவைக் கொண்டே முடிவு செய்தனர். ஆயினும் அவருடைய விடையைப் படிக்குந்தோறும் இவ்வொரு நினைவு என்னுள் எழாமற் போவதில்லை.

அவருடைய இறுதி ஆண்டுகளை விரைந்து கடப்போம். 324-இல் அலெக்ஸாந்தரின் பொக்கிஷத்தோடு ஓடிவந்த ஹார்ப்பலஸிடம் கையூட்டு வாங்கினார் என்னுங் குற்றத்திற்காக ஐம்பது தாலந்து தண்டம் விதிக்கப்பெற்று, செலுத்த இயலாது சிறைப்பட்டு, தப்பியோடினார். குற்றம் மெய்யோ பொய்யோ, இன்றும் அறிஞர் ஒருமுகப்படவில்லை. 323-இல் அலெக்ஸாந்தர் இறந்தான். அத்தேனே மீண்டும் கிளர்ந்தது. நாடு கடந்தவராயிருந்தும் டெமாஸ்தனீஸ் தாமே பெலப்பனீசு நகரங்கள்தோறும் அத்தேனேயின் தூதரோடு சென்று பேசினார். ஆர்க்காடியாவில், மக்கெதோனியரின் பக்கம் சேர்ந்துவிட்ட பித்தியாஸ் என்னும் அத்தேனேயனும் அவரும் ஒரே சபையில் வாதிட்டனர். கழுதைப்பால் கொண்டுசெல்லப்படும் வீட்டில் நோய் இருக்கும்; அதுபோல அத்தேனேயின் தூதர் வரும் ஊரிலும் நோய் இருக்கும் என்றான் பித்தியாஸ். கழுதைப்பால் செல்வது நோயைத் தீர்க்கவே. நாங்கள் வருவதும் அதற்கே என்று அவர் உடனே திருப்பிவிட்டார். ஆயத்தமின்றிப் பேச அஞ்சியவர் அறுபது வயதில் அவ்வச்சத்தைக் கடந்துவிட்டார். அத்தேனே நகரத்தார் மகிழ்ந்து, கப்பல் அனுப்பி அவரை அழைத்து வந்தனர். துறைமுகத்தில் ஊரே திரண்டு எதிர்கொண்டது.

அம்மகிழ்ச்சி ஓராண்டும் நிலைக்கவில்லை. 322-ஆம் ஆண்டில் கிரானன் போரில் அந்திப்பாத்தர் என்னும் மக்கெதோனியத் தலைவன் வென்றான். துறைமுகத்துக் கோட்டையிற் காவற்படை ஏறிற்று. இரண்டாயிரம் திராக்மாவுக்குக் குறைந்த சொத்துடையோர்க்கு வாக்குரிமை பறிக்கப்பட்டது. எந்தச் சபையில் எழுந்து பித்தோனுக்கு விடை கூறினாரோ, அச்சபை பாதியாகக் குறைந்து, டெமாஸ்தனீஸுக்கு மரணதண்டனை விதித்தது. அவர் கலோரியா தீவிலுள்ள பொசைடன் கோயிலில் அடைக்கலம் புகுந்தார்.

ஓடினவரை வேட்டையாடுதலையே தொழிலாகக் கொண்ட ஆர்க்கியாஸ் என்பவன் படைவீரரோடு அங்கு வந்தான். இவனும் முன்னர் நாடகத்தில் நடித்தவனே. வெளியே வந்தால் தீங்கு நேராது, அந்திப்பாத்தர் மன்னிப்பான் என நயமாய்ப் பேசினான். உன் நடிப்பு முன்பும் என் மனத்தைக் கவர்ந்ததில்லை, உன் வாக்குறுதியும் இப்பொழுது கவரவில்லை என்று டெமாஸ்தனீஸ் மறுத்தார். அவன் சினந்து மிரட்டவே, வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு வருவதாகக் கூறி உட்புறஞ் சென்றார். சிந்திக்குங்கால் எழுதுகோலைக் கடித்தல் அவர் வழக்கம், அன்றும் கடித்தார். எழுதுகோலில் நஞ்சு இருந்தது. கோயிலுள் உயிர் போதல் தகாதென்று எழுந்து தள்ளாடி வெளிவர முயன்று, பலிபீடத்தைக் கடக்கையில் வீழ்ந்து இறந்தார். வயது அறுபத்திரண்டு.

நாற்பதாண்டுகளுக்குப்பின், அவருடைய சகோதரி மகனாகிய டெமோகாரீஸ் கொணர்ந்த தீர்மானப்படி, அத்தேனே நகரத்தார் கடைவீதிச் சதுக்கத்தில் அவர்க்கு வெண்கலச் சிலை நாட்டினர். அவருடைய மரபில் மூத்தவர் எவர்க்கும் அரசாங்கச் செலவில் உணவளிக்கவும் ஏற்பாடு செய்தனர். பொலியூக்தஸ் என்னும் சிற்பி செய்த அச்சிலை இன்றில்லை. அதனைப் பார்த்துச் செய்த சலவைக்கற் படிவங்கள் வாத்திக்கனிலும் கோபன்ஹேகனிலும் உள்ளன.